பாப்பாவுக்கு, வண்டி விஷயமாக

அன்புள்ள பாப்பா,

போனிலேயே சொல்லிவிடலாம் என்று நாலு நாளாகப் பார்க்கிறேன். நீ கூப்பிடுகிற நேரமெல்லாம் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். அதனால் பேப்பரில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கையெழுத்து புரியாவிட்டால் என்னிடம் கேள், அம்மாவிடம் கேட்காதே.

உன் வண்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

எனக்கு வலது முட்டியில் சிராய்ப்பு, அதுவும் பொருக்குத் தட்டி உதிர்ந்துவிட்டது. வண்டிக்கு பிரேக் லீவர் வளைந்தது, வலது சைலன்சரில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு. கிராஷ் கார்டு இருந்ததால் டேங்குக்கு ஒன்றுமில்லை. லீவரைத் தஞ்சாவூரில் மாற்றிவிட்டேன். கோடு அப்படியே இருக்கிறது. இன்சூரன்சில் கேட்டால் அடுத்த வருஷம் உனக்கு வருகிற தள்ளுபடி போய்விடும் என்று கடைப் பையன் சொன்னான், அதனால் கேட்கவில்லை.

எப்படி விழுந்தேன் என்பதற்கு முன்னால், எதற்கு எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். தீபாவளிக்கு வந்து வண்டியைத் திண்ணையோரம் நிறுத்திவிட்டு ஜெர்மனிக்குக் கிளம்பும்போது, "வாரம் ஒருதரம் ஸ்டார்ட் மட்டும் பண்ணி வைங்கப்பா, ஓட்ட வேண்டாம்" என்றாய். நானும் அப்படியேதான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு நிமிஷம் உறுமவிட்டு அணைத்துவிடுவேன். எலி ஒயரைக் கடிக்காமலிருக்க சீட்டுக்கு அடியில் பாச்சை உருண்டைகூடப் போட்டேன். மார்கழி முடிவதற்குள் பேட்டரி உட்கார்ந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் டிக் டிக் என்கிறது, அவ்வளவுதான். கிக்கரைத் தேடினேன். உன் வண்டியில் அது கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது.

என் பழைய புல்லட்டை நினைத்துப் பார். ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வருகிறவரை கிக்கரை மெல்ல அமுக்கி, இன்ஜினுக்குள் இருக்கிற அழுத்தத்தைத் திறந்துவிடுகிற டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இன்னும் ஒரு விரற்கடை இறக்கி, லீவரை விட்டு, கிக்கர் மேலே வந்ததும் ஒரே உதை. முள்ளைப் பார்க்காமல் உதைத்தால் அது திருப்பி உதைக்கும். உன் சின்னத் தாத்தா அப்படி வாங்கி ஒரு மாதம் நொண்டினார். இந்தப் பூசையெல்லாம் தெரிந்தவனுக்குத்தான் ஊரில் மதிப்பு. உன் வண்டி முன்னால் நான் பொத்தானை வைத்துக்கொண்டு விழித்ததை அம்மா வாசலில் நின்று பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினான். "நின்ன இடத்துல ரெண்டு நிமிஷம் ஓடவிட்டா, ஸ்டார்ட் பண்ண எடுத்த கரண்டே திரும்ப ஏறாதுங்கய்யா. சைலன்சருக்குள்ள தண்ணிதான் கோத்துக்கும். எடுத்தா இருபது கிலோமீட்டர் ஓட்டணும்." எனக்கு வேறென்ன வேண்டும்? பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவிட்டேன்.

2023 ஆடியில் நீ இதை வாங்கியபோது பத்து நாள் உன்னோடு நான் பேசவில்லை. ஆடியில் எடுத்தது ஒன்று. அதற்கு மேல், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த எருமக்கிடா" என்றும் சொன்னேன். என் புல்லட் 160 கிலோ சொச்சம், 18 குதிரைசக்தி. உன் சூப்பர் மீட்டியார் 648 சிசி, 47 குதிரைசக்தி, 241 கிலோ. அந்த 47-ஐப் பார்த்துத்தான் அன்றைக்குப் பயந்தேன். ஓட்டிப் பார்த்த பிறகு தெரிகிறது, பயப்பட வேண்டியது 241-க்கு.

மூன்றாவது வாரம் பூதலூர் வழியாகச் செங்கிப்பட்டி போய் திருச்சி நாலுவழிச் சாலையில் ஏறினேன். ஆறாவது கியர், 80. என் புல்லட்டில் 80 போனால் கண்ணாடி ஆடுகிற ஆட்டத்தில் பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று தெரியாது; வீட்டுக்கு வந்து எந்த நட்டு கழன்றது என்று தேட வேண்டும். இதில் கண்ணாடி அசையவில்லை, பின்னால் வந்த லாரியின் நெற்றியில் எழுதியிருந்ததைத் திருப்பிப் படித்துக்கொண்டே போனேன். சத்தம்தான் முதலில் பிடிக்கவில்லை, அப்புறம் பிடித்துவிட்டது. கிராங்க்கை 270 டிகிரிக்கு அமைத்திருப்பதால் இரண்டு பிஸ்டனும் சம இடைவெளியில் வெடிக்காதாமே. தவிலில் தொப்பியும் வலந்தலையும் முன்னே பின்னே விழுகிற மாதிரி ஒரு நடை. செங்கிப்பட்டி டீக்கடையில் வண்டியைச் சுற்றி ஒரு கூட்டம். இது எவ்வளவு, மைலேஜ் என்ன என்று கேட்டார்கள். லிட்டருக்கு 23 என்றேன், முகம் வாடிவிட்டது. பொண்ணு வண்டி என்றேன். அதற்கப்புறம் யாரும் மைலேஜ் பற்றிப் பேசவில்லை.

விழுந்தது அங்கே இல்லை. நம் வாய்க்கால் மதகில், பத்து கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது.

மதகு தாண்டி வலது பக்கம் கரைமேல் திரும்ப வேண்டும். முதல் கியரில் ஹேண்டிலை ஒடித்துத் திரும்பிக்கொண்டே இரண்டாவது போடலாம் என்று நினைத்தேன். என் புல்லட்டுக்குக் கியர் வலது காலில், ஒன்று மேலே, மற்ற மூன்றும் கீழே. முப்பது வருஷம் பழகிய வலது கால், மூளையைக் கேட்காமலே பெருவிரலால் கீழே அழுத்தியது. உன் வண்டியில் அங்கே இருப்பது பிரேக். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. ஹேண்டில் ஒடிந்திருக்கிறது, கால் மண்ணில் சறுக்குகிறது, 241 கிலோவும் மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சாய்கிறது. தாங்கிப் பிடித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றும் பார், அந்தக் கணம் பொய். நல்லவேளை விட்டுவிட்டேன், இல்லையென்றால் இடுப்பு போயிருக்கும்.

மேட்டூரை ஜனவரி 28-ல் மூடிவிட்டதால் வாய்க்காலில் தண்ணீர் இல்லை, நூறு நாள் வேலைக்காரர்கள் உள்ளே இறங்கிக் கோரை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பெண்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். தூக்கி நிறுத்திய பிறகு அதில் பெரியவள், பெயர் சொல்ல மாட்டேன், உனக்குத் தெரியும், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது நம்ம பாப்பா வண்டிதானேய்யா? அது ஓட்டுறப்ப விழுந்து நான் பாக்கலியே."

அப்புறம் மெக்கானிக் கடையில் தூக்குவதற்குப் பாடம் படித்தேன். வலது பக்கம் விழுந்தால் முதலில் சைடு ஸ்டாண்டைத் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் நிமிர்ந்த வேகத்தில் அந்தப் பக்கம் போய்விடும். கியரில் போட்டு, வண்டிக்கு முதுகு காட்டி, சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து, ஒரு கையில் ஹேண்டில், ஒரு கையில் பின்கம்பி, காலால் பின்னோக்கி நடக்க வேண்டும். முதுகுக்கு வேலையே இல்லை. இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

இப்போது வீட்டிலிருந்து கிளம்புமுன் இடது காலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டிக்கொள்கிறேன். கியர் இங்கே, கியர் இங்கே என்று. அம்மா இதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

வேறு சில விஷயம். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க ஒரு துண்டுக் கடப்பைக்கல் அறுத்துப் பையில் வைத்திருக்கிறேன். நம் மண் ஈரத்தில் ஸ்டாண்டு அரை அடி இறங்கிவிடும். தரைக்கும் வண்டி வயிற்றுக்கும் 135 மில்லிமீட்டர்தான் என்பதால், பள்ளிக்கூடத்து ஸ்பீடு பிரேக்கரில் ஒருமுறை தட்டிவிட்டது. இப்போது அதைக் கோணலாக ஏறி இறங்குகிறேன்.

சம்பா அறுப்பில் ரோட்டில் காயப்போடுகிற நெல்தான் பெரிய தொல்லை. முழு அகலத்தில் பாதிக்கு நெல், ஓரத்தில் யாரும் ஏறாமலிருக்கக் கருங்கல். அந்தக் கல்லையும் எதிரே வருகிற பஸ்ஸையும் பார்த்துக்கொண்டு நெல்மேல் பிரேக் பிடித்தால் பட்டாணிமேல் கால் வைத்த கதைதான். ஒரு நாள் இப்படித் தடுமாறி, இறங்கிச் சத்தம் போட வாயைத் திறந்தேன். காயப்போட்டவன் சிரித்துக்கொண்டே, "நீங்க போட்ட இடந்தானே மாமா" என்றான். நியாயம்தான். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குமேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள், களம் எத்தனை ஊரில் இருக்கிறது? அந்த இடத்தில் கல் வைத்தவனே நான்தான். உருட்டிக்கொண்டு தாண்டினேன்.

சரி, வண்டியை விற்றுவிடச் சொன்னாயே, அந்த விஷயம். கும்பகோணத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். நீ சொன்ன விலைக்குப் பதினைந்தாயிரம்தான் குறைவு. வாங்குகிற ஆள்தான். ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியைக் கேட்டார். பேட்டரி சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. நீ அங்கே இரண்டு வருஷம் இருப்பதாகச் சொன்னாய். அதுவரை இன்சூரன்சும் சர்வீசும் நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகும் விற்கத்தான் வேண்டுமென்றால் விலையைச் சொல், வெளியாளுக்குச் சொன்னதையே சொல்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா கேட்டாள், ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் கல்லணைக்குத் தண்ணீர் வருகிற அன்று இதிலேயே போகலாமா என்று. ஒருக்களித்தெல்லாம் உட்கார மாட்டாளாம், சுடிதார் தைக்கக் கொடுத்துவிட்டாள். "மதகுகிட்ட மட்டும் நான் இறங்கி நடந்து வர்றேன்" என்றாள். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

பின்சீட்டுக்குச் சாய்மானம் தனியாகக் கிடைக்குமாமே. உன் மாடலுக்கு எது பொருந்தும், என்ன விலை என்று பார்த்து அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா