மிட்விச்சை மறுபடி எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தயாரிப்பாளர்களே,

பழைய படத்தைத் தூசி தட்டி மறுபடி எடுப்பது உங்கள் பிழைப்பு, அதில் எனக்கு வருத்தம் இல்லை. மிட்விச் என்கிற இங்கிலாந்துக் கிராமத்தில் நடக்கிற கதையாக 1960ல் வந்த ‘வில்லேஜ் ஆஃப் தி டாம்ட்’ படத்தை மட்டும் இனி விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் அவர்களுக்கு எங்கே புரியப் போகிறது என்கிறார் என் வீட்டுக்காரர். புரியாவிட்டால் போகட்டும், எனக்கு ஆற்றாமை தீரும்.

1995ல் ஜான் கார்பென்டர் அதைக் கலிபோர்னியாவுக்குத் தூக்கிப்போய் கலரில் எடுத்தார். 2022ல் மூல நாவலை ஏழு பகுதித் தொடராக இழுத்தார்கள். வுல்ஃப் ரில்லா எடுத்த பழைய படம் மொத்தமே 77 நிமிடம்தான்.

அதன் ஆரம்பத்தைப் பாருங்கள். நாயகன் ஜார்ஜ் சாண்டர்ஸ் போனில் பேசிக்கொண்டே சரிகிறார், ஊரே அப்படியே சரிந்து தூங்குகிறது. குழாயை மூட ஆளில்லை, இஸ்திரிப் பெட்டி பாட்டுக்குத் துணியைப் பொசுக்கிக்கொண்டிருக்கிறது. பேயும் இல்லை, ரத்தமும் இல்லை, ஆனால் கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திடுக்கிட்டிருக்கிற யாருக்கும் அந்த இஸ்திரிப் பெட்டி போதும், வயிற்றைப் பிசைந்துவிடும்.

ஜான் வின்டம் 1957ல் எழுதிய நாவலின் பெயரிலேயே குயில் இருக்கிறது. காக்கைக் கூட்டில் குயில் முட்டை என்றால் நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் கதை பிடிபட்டுவிடும். காக்கைக்காவது குஞ்சு யாருடையது என்று தெரியாது. இங்கே ஊர் கண் விழித்த பிறகு கருத்தரிக்கும் வயதுப் பெண்களெல்லாம் கர்ப்பமாகிறார்கள், பிறந்த பிள்ளை யாருடையது என்று தாய்க்குச் சந்தேகம் வந்துவிடுகிறது, வந்தும் வளர்க்கிறாள். தாயாக நடித்த பார்பரா ஷெல்லியின் முகத்தில் இது ஓடுவதைப் பார்க்கத்தான் நான் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

அப்புறம் அந்தக் குழந்தைகளின் ஜொலிக்கும் கண்கள். நீங்கள் முதலில் கை வைக்கப்போவது அதில்தான், தெரியும். அன்று பெரும்பாலும் அசையாத பிம்பத்தின் மேல் வெள்ளை ஒளியை ஒட்டித்தான் அந்த ஜொலிப்பைக் கொண்டுவந்தார்கள். பிரிட்டனில் முதலில் வெளியானபோது அந்த ஜொலிப்பே கிடையாது. என்னைக் கேட்டால் அதுதான் சரி. ஒரு குழந்தை புதிர்ப் பெட்டியைத் திறக்கக் கற்றுக்கொள்கிறது, அடுத்த நிமிடம் சொல்லித்தராமலே மற்றக் குழந்தைகளும் அதைத் திறக்கின்றன. அதற்கு மேல் கண் வேறு எரிய வேண்டுமா?

படம் எடுத்த லெட்ச்மோர் ஹீத் லண்டனுக்கு வடக்கே இருக்கிற சின்ன ஊர். 1973ல் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கிருஷ்ண பக்தர்களுக்கு வாங்கிக் கொடுத்த மாளிகையும் அங்கேதான். ஊரே மயங்கி விழுந்த அந்த மிட்விச்சில் இன்று கோகுலாஷ்டமிக்குக் கூட்டம் அலைமோதுகிறது. இது சும்மா, ஞாபகம் வந்ததால் சொன்னேன்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், அறுபது வருஷத்துக்கு மேலான படத்துக்கு ரகசியம் என்ன. மனதைப் படிக்கும் குழந்தைகளின் முன்னால், பெட்டியில் வெடிகுண்டோடு உட்கார்ந்திருக்கும் சாண்டர்ஸ், அது வெளியே தெரியாமலிருக்க ஒரு செங்கல் சுவரையே நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் முகத்தின் மேல் அந்தச் சுவர் உதிர்கிறது. ஒரு முகம், கொஞ்சம் செங்கல், ஒரு கடிகாரம், அவ்வளவுதான் செலவு.

எடுத்தே தீருவோம் என்றால், அந்தச் சுவரையாவது செங்கல் சுவராகவே விடுங்கள்.

இப்படிக்கு,
ஏழெட்டு முறை பார்த்தும் இஸ்திரிப் பெட்டிக் காட்சியில் எழுந்துபோய் சுவிட்சைப் பார்த்துவிட்டு வரும் ஒருத்தி