மவுஸை அவள் கையிலேயே விடு

அன்புள்ள குமரனுக்கு,

நேற்று வீடியோ காலில் பாப்பா மவுஸோடு திணறுவதைப் பார்த்தேன். "இப்படி இல்ல, இப்படி" என்று அவள் கையிலிருந்து அதை நீ வாங்கிக்கொண்டாய். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள், அப்புறம் தொடவே இல்லை. ராத்திரி படுத்தும் அதுதான் கண்ணில் நின்றது.

12 வருடம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தவள் நான். டேப்லெட்டில் வேண்டியதன் மேலேயே விரலை வைத்துவிடலாம். மவுஸ் அப்படியில்லை. கை மேஜையில் நகர, அம்பு திரையில் நகர்கிறது. முன்னால் தள்ளினால் அது மேலே போகும் என்பது நமக்குப் பழகிப்போனது, நாலரை வயதுக்குப் புதிர். அதனால்தான் கையையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கிறாள். மவுஸ் கொஞ்சம் திரும்பியிருந்தால் அம்பு கோணலாக ஓடும். மேஜை விளிம்பு வந்தால் தூக்கி நடுவில் வைக்கலாம் என்றும் தோன்றாது. என் பிள்ளைகள் பலர் விளிம்பிலேயே நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். கிளிக் செய்ய அழுத்தும்போது மவுஸும் சேர்ந்து நகர்ந்து குறி தப்பும். அது கவனக்குறைவு இல்லையப்பா.

அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தார் 2004இல் வெளியிட்ட ஆய்வில் நாலு, ஐந்து வயதுக் குழந்தைகளையும் பெரியவர்களையும் மவுஸால் குறிகளைக் கிளிக் செய்ய வைத்துப் பார்த்திருக்கிறார்கள். குழந்தைகள் குறியின் கிட்டே வந்தபின்தான் அதைத் தாண்டிப் போவதும் திரும்பி வருவதுமாக அல்லாடினார்கள். குறி பெரிதாக இருந்தால் அந்தப் பாடு குறையும்.

ஆகவே முதலில் அம்பின் வேகத்தைக் குறைத்து, அம்பைப் பெரிதாக்கு. அவள் உள்ளங்கைக்கு அடங்கும் சின்ன மவுஸாக ஒன்று வாங்கு. ஜிகாம்ப்ரி என்ற இலவச மென்பொருளில் மவுஸை நகர்த்தினாலே கட்டங்கள் அழிந்து அடியிலுள்ள படம் தெரியும் விளையாட்டு இருக்கிறது, கிளிக்கே வேண்டாம். ஒரு வாரம் அது மட்டும் போதும். அப்புறம் டக்ஸ் பெயின்ட் என்ற படம் வரையும் மென்பொருள். அதுவும் இலவசம்தான், தமிழிலும் உண்டு. எந்தப் பட்டனை அழுத்தினாலும் வேலை செய்யும்படி அதில் மாற்றி வைக்கலாம். இடது எது, வலது எது என்று இப்போதே அவளைப் படுத்தாதே. டபுள் கிளிக்கும், அழுத்திப் பிடித்து இழுப்பதும் பிறகு வரட்டும்.

பக்கத்தில் உட்கார், ஆனால் அவள் கைமேல் உன் கையை வைக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அவள் கிறுக்கியதை எனக்குக் காட்டச் சொல்.

அன்புடன்,
அம்மா