‘தர்ம அடி’ என்று இனி எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், செல்போன் பறிக்க முயன்ற இளைஞரைப் ‘பொதுமக்கள் மடக்கிப் பிடித்து, தர்ம அடி கொடுத்து, போலீஸில் ஒப்படைத்தனர்’ என்று படித்தேன். இதே வரியை எத்தனை பத்திரிகைகளில் எத்தனை முறை படித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பிடிப்பதும் ஒப்படைப்பதும் சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் உரிமை. நடுவில் வரும் அந்த அடி குற்றம். மூன்றையும் ஒரே மூச்சில் எழுதும்போது குற்றமும் நற்காரியம் போலத் தோன்றிவிடுகிறது.

நான் பல ஆண்டுகள் திருவிழாக் காலங்களில் போலீஸாருக்குத் துணையாகக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் தன்னார்வலனாக இருந்தவன். ஒரு தேரோட்டத்தன்று சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிய பையன் என் கண்ணெதிரே வந்தான். நான்தான் முதலில் பிடித்தேன். திமிறினான். கீழே தள்ளிக் கைகளைப் பின்னால் மடக்கினேன். அதுவரை நான் செய்தது சரி. அதன்பின் அவன் அசையவே இல்லை. ஆனால் நான் அவன் கைகளை விடாமல் பிடித்திருக்க, சுற்றி நின்றவர்கள் மிதித்தார்கள். என் சட்டைப்பையில் விசில் இருந்தது. எடுத்து ஊதவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த சார்பு ஆய்வாளர் என்னிடம் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: “பிடித்ததோடு உன் வேலை முடிந்தது. அதன் பிறகு அவன் உயிருக்கு நீதான் பொறுப்பு.”

சட்டமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. ஒருவரைக் கைது செய்யவோ அவர் தப்பிவிடாமல் தடுக்கவோ போலீஸ் அதிகாரி நியாயமான முறையில் உதவி கேட்டால், உதவ வேண்டியது நம் கடமை என்கிறது அதன் 31-வது பிரிவு. நம் கண்ணெதிரே ஒருவர் குற்றம் செய்தால், அது பிணையில் விட முடியாததும் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கதுமாக இருக்கும்பட்சத்தில், போலீஸ் வரும்வரை காத்திராமல் நாமே கைது செய்யலாம் என்கிறது 40-வது பிரிவு. ஆனால் தேவையற்ற தாமதமின்றி, அதிகம் போனால் ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைத்துவிட வேண்டும்.

பலப் பிரயோகத்தைப் பற்றிப் பேசுவது 43-வது பிரிவு. கைதாகிறவர் பலவந்தமாக எதிர்த்தாலோ தப்பிக்க முயன்றாலோ, கைது செய்பவர் அதற்குத் தேவையான எல்லா வழிகளையும் கையாளலாம். போலீஸ்காரருக்கு மட்டுமல்ல, கைது செய்யும் குடிமகனுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. ‘தேவையான’ என்ற அந்த ஒரு சொல்லை நாம் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறோம். எதற்குத் தேவை? அவரைக் கைது செய்வதற்கு. ஆத்திரம் தீர்த்துக்கொள்ளவோ பாடம் புகட்டவோ அல்ல. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் பறிக்கும் உரிமையை இந்தப் பிரிவு தரவில்லை என்று அங்கேயே எழுதியிருக்கிறது. கைதானவர் தப்பாமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அதற்கு மேல் அவரைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று 46-வது பிரிவு சொல்கிறது. ஆகவே அந்தப் பையன் அடங்கிய கணத்தில் என் உரிமை தீர்ந்துபோயிற்று. அதற்குப் பின் விழுந்த ஒவ்வொரு மிதியிலும் எனக்குப் பங்கு உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளை முதன்முறையாகத் திருடித் தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், புதிய தண்டனைச் சட்டப்படி அவருக்குச் சமூக சேவைதான் தண்டனை. அத்தகையவரின் பல்லை உடைக்க நாம் யார்?

2018 பிப்ரவரியில் கோவைக்குப் பக்கத்தில், கேரள எல்லைக்குள் இருக்கும் அட்டப்பாடியில் அரிசி திருடியதாகச் சொல்லி ஒரு பழங்குடி இளைஞரைக் காட்டுக்குள்ளிருந்து பிடித்து வந்து கைகளைக் கட்டி அடித்தார்கள். செல்போனில் படமும் எடுத்தார்கள். பிறகு, வழக்கம்போல, போலீஸில் ஒப்படைத்தார்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே அவர் இறந்தார். 2023 ஏப்ரலில் மன்னார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அதே 2018 மே மாதம் நம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயது அம்மா ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காகப் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொல்லப்பட்டார். அங்கே குற்றமே நடக்கவில்லை. கைது செய்யவும் எவருக்கும் உரிமை இருக்கவில்லை.

காக்கிச் சட்டைக்கும் இதே அளவுகோல்தான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும், 2025 ஜூனில் மடப்புரத்தில் கோயில் காவலாளியும் போலீஸ் பிடியில் சிக்கி உயிரிழந்தபோது நாம் கொதித்தோம். சாத்தான்குளத்தில் தன்னார்வலர்கள் மீதும் புகார் எழுந்தது. 1993-இல் ராமநாதபுரத்தில் நல்ல நோக்கத்தோடு தொடங்கிய ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ என்ற, போலீஸாருக்குத் துணைநிற்கும் தன்னார்வலர் அமைப்பை அரசு 2020 ஜூலையில் தடை செய்தது. என்னைப் போன்றவர்களுக்கு அது வேதனையான செய்தி. ஆனால் தெருவில் தர்ம அடியை ரசிக்கும் நாம், காவல் நிலையத்தில் அதையே எப்படிக் கண்டிக்க முடியும்? கையில் மாவுக்கட்டோடு நிற்கும் குற்றவாளியின் படத்தைப் பார்த்து மகிழ்பவர்களும் நாம்தானே.

உங்கள் செய்தியாளர்களிடமும் துணை ஆசிரியர்களிடமும் ஒன்று சொல்லுங்கள். மக்கள் பிடித்துக் கொடுத்தால் ‘பிடித்து ஒப்படைத்தனர்’ என்று எழுதட்டும். பாராட்டியும் எழுதட்டும். அடித்திருந்தால் ‘அடித்தனர்’ என்று எழுதட்டும். பிடிபட்டவருக்கு என்ன காயம், எந்த மருத்துவமனையில் சேர்த்தார்கள், அடித்தவர்கள் மீது வழக்கு உண்டா என்பதையும் காவல் நிலையத்தில் கேட்டு, அடுத்த வரியிலேயே சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
பழைய திருவிழாத் தன்னார்வலர் ஒருவர்,
திண்டுக்கல்