மிக்ஸர் இழுக்கப் போகிற வண்டி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஓசூரில் பழைய பொலீரோ பிக்கப் பார்த்திருப்பதாகவும், கான்கிரீட் மிக்ஸரைப் பின்னால் மாட்டி சேலம் சைட்டுக்கு இழுக்கப் போவதாகவும் சொன்னாய். அப்போதிருந்து எனக்கு வழியில் இருக்கிற தொப்பூர் கணவாயின் செங்குத்தான இறக்கம் நினைப்பாகவே இருக்கிறது.

இழுப்புக்குக் கவலையில்லை. அந்த 2523 சிசி டீசல் இன்ஜின் மிக்ஸரை இழுத்துவிடும். ஆனால் மிக்ஸருக்குத் தனி பிரேக் கிடையாது. இறக்கத்தில் அது பின்னாலிருந்து தள்ளும்போது வண்டி நிற்க வேண்டும். அதை மனதில் வைத்தே பார்.

காலையிலேயே போ. முதலில் பானெட்டில் கை வை. சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுவது தெரியாமலிருக்க நீ வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கலாம்; இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடு. இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார். குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். மூடிக்கு அடியில் காபி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். அப்படிப்பட்ட வண்டி சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

பிறகு வண்டிக்கு அடியில் படுத்துப் பார். கொக்கி மாட்டும் இடத்தில் சேஸில் புது வெல்டிங், புது கறுப்பு பெயிண்ட் இருந்தால், விரிசலை மறைத்திருக்கிறார்களா என்று சாவியால் சுரண்டிப் பார். ஸ்பிரிங் பட்டையில் விரிசல் இருக்கிறதா, வீல் உள்பக்கம் பிரேக் ஆயில் கசிகிறதா என்றும் பார்.

ஆர்சியில் (பதிவுச் சான்றில்) ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் பாக்கியில்லை என்று அவர்கள் தரும் என்ஓசி கையில் வராமல் பணம் கொடுக்காதே. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடாவருடம் எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

வாங்கிய பிறகு, நம் தருமபுரி போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதே, உப்புப் படிந்து அடைத்துவிடும், கூலன்ட் மட்டும் ஊற்று. டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை அவ்வப்போது திறந்துவிடு. மேடேறி வந்ததும் உடனே ஆஃப் செய்யாமல் கொஞ்ச நேரம் ஐடிலில் விடு, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கு நல்லது.

தொப்பூர் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடு. டீசல் மிச்சமாகும் என்று யார் சொன்னாலும் நியூட்ரலில் விடாதே. இன்ஜினை நிறுத்தினால் பிரேக் பெடல் கல்லாகிவிடும். பிரேக்கையே மிதித்து இறங்கினால் லைனிங் சூடேறி பிடிப்பே போய்விடும். மிக்ஸர் கொக்கிக்கு ஒரு சங்கிலியும் போடு. பின் லைட்டை மிக்ஸர் மறைத்துவிடும், அதன் பின்னாலும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டு.

ஞாயிற்றுக்கிழமை நானே ஓசூர் வருகிறேன். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா