உங்கள் குழந்தைகள் ஹெல்மெட்டின் பின்பக்கத் திருகு நிற்கவில்லை: நான்காவது புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதற்கு முன் மூன்று முறை உங்கள் இணையதளப் படிவத்தில் எழுதிவிட்டேன். மூன்று முறையும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்ற ஒரே பதில்தான் வந்தது. அதனால் இந்தத் தடவை கடிதமாகவே எழுதுகிறேன். யாராவது ஒரு மனிதர் படித்தால் போதும்.

எந்த ஹெல்மெட் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீல நிறம், பின்னால் சிவப்புத் திருகு, நீங்கள் செய்ததுதான். திருகை இறுக்கும்போது டிக் டிக் என்று சத்தம் வருகிறது, தலையைக் கவ்விக்கொள்கிறது, எல்லாம் சரி. என் மகள் இரண்டு தடவை தலையை ஆட்டினால் போதும், தானாகவே தளர்ந்துவிடுகிறது. காதுக்குக் கீழே இரண்டு பட்டைகளும் சேரும் இடத்தில் இருக்கிற பிளாஸ்டிக் பூட்டும் அதே கதைதான். காதுக்கு அடியில் வைத்துப் பூட்டி அனுப்பினால், தெருமுனை வரை போய்த் திரும்புவதற்குள் தாடைக்கு இறங்கியிருக்கிறது.

அவளுக்கு ஏழு வயது. சைக்கிளை வெளியே எடுக்கும் முன் ஹெல்மெட் சரிபார்க்க ஒரு பாட்டு மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தேன்: "ரெண்டு விரல், ரெண்டு காது, ஒரு விரல், ஆ!" புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி. இரண்டு காதுக்குக் கீழேயும் பட்டைகள் கூராகச் சேர வேண்டும். தாடைப் பட்டைக்குள் ஒரு விரல்தான் நுழைய வேண்டும். கடைசியில் வாயை ஆவென்று திறந்தால் ஹெல்மெட் உச்சந்தலையில் அழுத்த வேண்டும். அப்புறம் டயரில் காற்று, பிரேக், செயின், செருப்பில்லாமல் ஷூ, ஷூவின் நாடா. இதெல்லாம் பழக்கத்துக்கு வர எனக்கு இரண்டு மாதம் ஆனது.

உங்கள் ஹெல்மெட் "ரெண்டு காது" வந்ததுமே தோற்றுவிடுகிறது. தினமும். "அம்மா, இது பாஸ் ஆகலையே, பரவாயில்லையா?" என்று நிற்பாள். ஒரு நாள் அவசரத்தில் "பரவாயில்லை, போ" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையில் இரண்டு மாத உழைப்பும் போயிற்று. இப்போது அவளே பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு "பரவாயில்லை" என்கிறாள். இனி எந்தப் பாதுகாப்புப் பொருளையும் அவள் நம்பப் போவதில்லை. இதற்கு எத்தனை ஹெல்மெட் கொடுத்து ஈடு கட்டுவீர்கள்?

சேவை மையத்துக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை "பெட்டி இல்லாமல் பார்க்க முடியாது" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். சரி, விதிமுறை என்று திரும்பி வந்தேன். ஒரு முழு விடுமுறை நாள் அதில் போனது. இரண்டாம் தடவை பெட்டியோடும் மகளோடும் போனேன். கவுன்டரில் இருந்தவர் ஹெல்மெட்டை அவள் தலையில் வைத்து, நெற்றி முழுக்கத் தெரியும்படி பின்னால் தள்ளி, "இப்ப பாருங்க மேடம், கரெக்டா இருக்கு" என்றார். நெற்றி திறந்து கிடக்கிறதே என்றேன். "குழந்தைங்க பின்னாடிதான் மேடம் விழுவாங்க" என்றார்! சைக்கிளில் முன் பிரேக்கைத் திடீரென்று பிடித்த பிள்ளை எந்தப் பக்கம் விழும் என்று ஹெல்மெட் விற்கும் நிறுவனத்துக்கு நானா சொல்ல வேண்டும்?

அதோடு விடவில்லை. பெட்டியைத் திருப்பி அதன் மேலிருந்த படத்தைக் காட்டினார். ஒரு பையன் ஹெல்மெட்டைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு சிரிக்கிறான், நெற்றி மொத்தமும் வெளியே. "எங்க பாக்ஸ்லயே இப்படித்தான் இருக்கு." என் மகள் உடனே, "அம்மா, அந்த அண்ணன் மாதிரியே நானும் போட்டுக்கவா?" என்றாள். அதே பெட்டிக்குள் நீங்கள் வைத்த காகிதத்தில் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் என்றுதான் இருக்கிறது. அதை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவே இல்லை. "லூசா இருந்தா உள்ள ஒரு தொப்பி போட்டு மேல மாட்டுங்க" என்றார். தொலைபேசியில் பேசிய பெண் இதற்கு முன்பே "வளர்ற பிள்ளைதானே, கொஞ்சம் லூசா இருந்தா நல்லது" என்று சொல்லியிருந்தார். ஹெல்மெட் என்ன சட்டையா, அடுத்த வருஷமும் போடட்டும் என்று பெரிதாக வாங்க?

வாரன்டியை ஏன் மறுத்தார்கள் என்பதையும் கேளுங்கள். ஹெல்மெட்டின் வெளி ஓட்டில் ஒரு கீறல் இருக்கிறதாம், கீழே போட்டுவிட்டோமாம். அந்தக் கீறல் ஹேண்டில்பாரில் மாட்டியதால் வந்தது. சறுக்குமரத்தில் ஏறும் முன் அவள் ஹெல்மெட்டைக் கழற்றி அங்கே மாட்டிவிடுவாள், ஏனென்றால் பட்டை கம்பியில் சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும். சரி, அடிபட்டதென்றே வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் ஃபோம் ஒரு தடவைதான் நசுங்கி அடியைத் தாங்கும், பலமாக அடிபட்டால் மாற்றிவிடுங்கள் என்று உங்கள் காகிதமே சொல்கிறது. அப்படியானால் அடிபட்டது என்று அவரே முடிவு செய்த ஹெல்மெட்டை, "தாராளமா யூஸ் பண்ணுங்க" என்று ஒரு குழந்தை கையில் எப்படித் திருப்பிக் கொடுத்தார்?

உள்ளே இ.என். 1078 என்று, சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரத்தின் முத்திரை இருக்கிறது. அந்தத் தரத்தில் மேலிருந்து போட்டுப் பார்ப்பது மட்டும் சோதனை இல்லை. பட்டை தாங்குகிறதா, தலையை விட்டு ஹெல்மெட் உருண்டு கழல்கிறதா என்பதும் சோதனைதான். தலையாட்டலுக்கே தளரும் திருகை வைத்துக்கொண்டு அந்த எண்ணை ஒட்டியிருப்பது எப்படி என்று எழுத்தில் பதில் வேண்டும்.

உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. தயவுசெய்து இதை மாற்றி, திருகு நிற்கும் ஒன்றைக் கொடுங்கள், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பெட்டியில் இருக்கும் அந்தப் பையனின் ஹெல்மெட்டையும் இரண்டு விரல் அளவுக்கு முன்னால் இழுத்துவிடுங்கள். கவுன்டரில் இருப்பவருக்கு உங்கள் காகிதத்தை ஒரு தடவை வாசித்துக் காட்டினாலே பாதிப் புகார் குறையும். 10 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் ரசீது, புகைப்படம், திருகு கழலும் வீடியோ எல்லாவற்றோடும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். மிரட்டுகிறேன் என்று நினைத்தால் அப்படியே இருக்கட்டும்.

அதுவரை சைக்கிள் வீட்டுக்குள்தான் நிற்கிறது. ஏன் என்று தினமும் ஒருத்தி கேட்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: பெட்டி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மறுபடி கொண்டு வரச் சொல்லாதீர்கள். வேண்டுமானால் நீங்கள் வந்து பாருங்கள்.