‘பேக்ட்’ விதியைத் திரும்பப் பெறுங்கள்

எங்கள் நிறுவனத்தின் நிரல்விதிக் குழுவினருக்கு,

வணக்கம். வன்பொருள் ரெஜிஸ்டர்களை, அதாவது கருவியை இயக்கவும் அதன் தரவைப் படிக்கவும் சிப்பில் உள்ள சிறு சேமிப்பிடங்களை, குறிக்கும் சி மொழிக் கட்டமைப்புகள் (உறுப்புகளை வரிசையாகச் சேர்த்த தொகுப்புகள்) அனைத்துக்கும் ‘பேக்ட்’ என்ற அடையாளம் இட்டே ஆகவேண்டும் என்று தாங்கள் வகுத்துள்ள விதியைத் திரும்பப் பெறக் கோரி இம்மடலை எழுதுகிறேன். தங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. 8 பிட் உறுப்பை அடுத்து 32 பிட் உறுப்பு வந்தால், கம்பைலர் (நிரலை இயந்திர மொழியாக்கும் மென்பொருள்) இடையே 3 பைட்டுகளை வெறுமையாக விட்டு, 5 பைட்டில் அடங்குவதை 8 பைட்டாக்கிவிடும். அந்த இடைவெளியை விடாதே என்று சொல்வதுதான் ‘பேக்ட்’. கோப்பிலும் வலைப்பொதியிலும் அது தொல்லைதான்.

ரெஜிஸ்டர்களின் கதை வேறு. நமது கருவிகளிலுள்ள ஆர்பி2040 சிப்பின் சீரியல் போர்ட் (தரவைப் பிட் பிட்டாக அனுப்பிப் பெறும் வாயில்), ஆர்ம் நிறுவனத்தின் பிஎல்011 வடிவமைப்பு. அதில் தரவு ரெஜிஸ்டர் 0ஆம் பைட்டிலும், பிழைநிலை 4ஆம் பைட்டிலும், போர்ட்டின் நிலையைக் காட்டும் கொடி ரெஜிஸ்டர் 24ஆம் பைட்டிலும் உள்ளன. 8 முதல் 23 வரை ஒன்றுமில்லை. உறுப்புகள் எல்லாமே 32 பிட் என்பதால் ‘பேக்ட்’ இட்டாலும் இடாவிட்டாலும் அமைப்பு மாறாது. அந்த 16 பைட் வெற்றிடத்தை அது உண்டாக்கித் தரவும் தராது. அது செய்வதெல்லாம், இந்த முகவரி எந்த எல்லையிலும் தொடங்கலாம் என்று கம்பைலரிடம் சொல்வதுதான். நான்கால் வகுபடாத சீரற்ற முகவரியில் 32 பிட்டை ஒரே மூச்சில் படிக்க, இந்தச் சிப்பின் செயலியான கார்டெக்ஸ் எம்0+ கருவுக்கு இயலாது. ஆகவே கம்பைலர் ஒரு படிப்பை நான்கு பைட் படிப்புகளாக உடைத்துவிடுகிறது.

மேட்டுநிலத்து மழைமானியிலிருந்து வந்த எண்கள் சிதைந்திருந்ததால், ரோஸ் ஹில்லில் என் மேசையில் வைத்து 12345678 என்று அனுப்பிப் பார்த்தேன். திரையில் 15 என்று வந்தது. தரவு ரெஜிஸ்டரை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வந்து காத்திருக்கும் எழுத்துகளின் வரிசையிலிருந்து ஓர் எழுத்து வெளியேறும். நான்கு முறை படித்ததில் முதலாவது மட்டும் நமக்குக் கிடைத்து, மற்ற மூன்றும் வீணாயின. போர்ட்டைத் தொடக்கிவைத்தது சிப்புடன் வந்த, ‘பேக்ட்’ இடாத நூலகம் என்பதால் இந்த அளவோடு தப்பினோம். எழுதுவது இன்னும் மோசம்: இந்தச் சிப்பில் ஒரு பைட்டை எழுதினால் அது 32 பிட் முழுவதிலும் படிந்துவிடுவதால், கடைசியாக எழுதிய பைட்டே நான்கு இடங்களிலும் நிற்கும்.

இடம் மாறினால் என்ன ஆகும் என்பதை மொரிசியஸ் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1998இல் ரூபாய்த் தாளில் மொழிகளின் வரிசையில் தமிழின் இடம் மாறியதற்கே அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டன.

எனவே வெற்றிடங்களை ‘ஒதுக்கீடு’ என்று பெயரிட்ட உறுப்புகளாக வெளிப்படையாக எழுதுவதையும், ஒவ்வொரு ரெஜிஸ்டரும் சிப் கையேடு கூறும் தொலைவில்தான் உள்ளதா என்பதை சி மொழியின் 2011 தரநிலையான சி11 தரும் நிலையான சோதனையால் தொகுக்கும்போதே உறுதிசெய்வதையும் விதியாக்கக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு ரெஜிஸ்டரைச் சில பிட்டுகளாகப் பிரித்துப் பெயரிடும் பிட் உறுப்புகளின் வரிசை கம்பைலருக்குக் கம்பைலர் மாறும் என்பதால் அவற்றையும் தவிர்க்கலாம். ‘பேக்ட்’ இட்டது, இடாதது ஆகிய இரு வடிவங்களின் அசெம்பிளிப் பட்டியல்களும் (கம்பைலர் உண்டாக்கிய இயந்திர ஆணைகள்) அச்சிட்டு என் மேசையில் உள்ளன. அடுத்த கூட்டத்துக்கு எடுத்துவருகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் டிரைவர் பிரிவுப் பொறியாளர்,
எபென், மொரிசியஸ்.