ரீஃபண்ட் மெயில் வந்தால்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

ரிட்டர்ன் தாக்கல் செய்துவிட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில்தான் வருமான வரித் துறையின் பெயரில் போலி மெயில்களும் மொய்க்கும். 'ரூ. 18,750 ரீஃபண்ட் ஒப்புதலாகிவிட்டது, 24 மணி நேரத்துக்குள் வங்கிக் கணக்கை உறுதிசெய்யவும்' என்கிற வகை. எழுத்துப்பிழையை வைத்துப் போலியைப் பிடித்துவிடலாம் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். இப்போது பல போலிகள் துறையின் நிஜக் கடிதத்தைவிட நல்ல ஆங்கிலத்தில் வருகின்றன.

ரீஃபண்ட் வரும் வழி தெரிந்தாலே பாதிப் போலிகள் அடிபட்டுப் போகும். துறையின் தளத்தில் முன்பே சரிபார்க்கப்பட்ட, பான் எண்ணோடு பொருந்திய வங்கிக் கணக்கில்தான் பணம் ஏறும். கணக்கில் ஏதோ சிக்கலாகிப் பணம் திரும்பிவிட்டால், தளத்துக்குள் லாகின் செய்து 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ' கோர வேண்டும். மெயிலில் கார்டு எண்ணோ ஓடிபியோ கேட்கத் துறைக்கு வேலையே இல்லை. பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் எங்கேயும் தேவைப்படாது.

அடுத்து, லிங்கைப் படிக்கும் முறை. கணினியில் மவுஸை லிங்கின் மேல் கொண்டுபோனால் போதும், அழுத்த வேண்டாம். கைபேசியில் விரலை அதன்மேல் வைத்து அழுத்திப் பிடித்தால் முகவரி தெரியும். முதல் ஒற்றைச் சாய்கோடு வரையுள்ள பகுதியை எடுத்துக்கொண்டு, அதை வலப்பக்கத்திலிருந்து படியுங்கள். 'இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்' என்று முடிந்தால் அது துறையின் தளம். 'இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன் டாட் ஏதோஒன்று டாட் காம்' என்று நீண்டால், அது அந்த ஏதோஒன்றின் தளம். முன்னால் இருப்பது வெறும் ஜோடனை. 'கவ் டாட் இன்' அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுவதால் இந்தச் சோதனை நம்பகமானது. பூட்டுப் படம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். போகும் வழியில் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. போய்ச் சேரும் இடம் யோக்கியமானதா என்பதை அது சொல்லாது. திருடனுக்கும் அது இலவசமாகவே கிடைக்கிறது.

நோட்டீஸ் என்று வந்தால் அதிலுள்ள டின் எண்ணைப் பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் துறையின் கடிதங்களில் இந்த ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். எண் இருப்பது மட்டும் போதாது, போலியிலும் ஒன்றை அச்சடித்திருப்பார்கள். தள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து திறந்து, முகப்பிலுள்ள 'ஆதென்டிகேட் நோட்டீஸ்' பகுதியில் அந்த எண்ணைக் கொடுத்துச் சரிபாருங்கள். இதற்கு லாகின் வேண்டாம்.

மெயிலோடு இணைத்து வரும் கோப்புகளில் எங்களை அதிகம் கவலைப்படுத்துபவை இரண்டு. ஒன்று, ஹெச்டிஎம்எல் கோப்பு. திறந்தால் லாகின் பக்கம் போலவே இருக்கும், ஆனால் அது ஓடுவது உங்கள் கணினியிலிருந்து. ஆகவே மெயில் வடிகட்டி சோதித்துப் பார்க்க வெளி லிங்க் எதுவும் சிக்காமல் போய்விடலாம். இன்னொன்று, பாஸ்வேர்டு போட்ட ஜிப் கோப்பு. பாஸ்வேர்டு அதே மெயிலில் எழுதியிருக்கும். யாரிடமிருந்து காக்க அந்தப் பூட்டு? வைரஸ் ஸ்கேனரிடமிருந்துதான். ரிட்டர்னைப் பரிசீலித்த பின் துறை அனுப்பும் 143(1) இன்டிமேஷன் என்கிற அறிவிப்பு பிடிஎஃப் ஆகவே வரும். அதன் பாஸ்வேர்டு சிறிய எழுத்தில் உங்கள் பான், தொடர்ந்து பிறந்த தேதி.

போலி என்று தெரிந்ததும் அழித்துவிடாதீர்கள். முதலில் புகார் செய்யுங்கள். சாதாரணமாக ஃபார்வர்டு செய்தால், மெயில் எந்தச் சர்வர் வழியாக வந்தது என்று காட்டும் தலைப்பு விவரங்கள் உதிர்ந்துவிடும், விசாரிப்பவருக்குத் தேவையானதோ அதுதான். ஜிமெயிலைக் கணினியில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஃபார்வர்டு ஆஸ் அட்டாச்மென்ட்' கொடுத்து, 'வெப்மேனேஜர் அட் இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்' முகவரிக்கும், நகலை அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 'இன்சிடென்ட் அட் செர்ட்-இன் டாட் ஆர்க் டாட் இன்' முகவரிக்கும் அனுப்புங்கள். பிறகு அதே மெனுவில் 'ரிப்போர்ட் ஃபிஷிங்'. அதன்பின் அழிக்கலாம்.

விவரம் கொடுத்துப் பணமும் போய்விட்டதா? வங்கிக்கும், சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கும் உடனே கூப்பிடுங்கள், அந்த நிமிடமே. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்திவைக்கத்தான் அந்த உதவி எண். தொகை, நேரம், யூபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், இவை கையில் இருக்கட்டும். 2017 ரிசர்வ் வங்கி விதியின்படி, விவரத்தை நாமே கொடுத்துவிட்டால் புகார் செய்யும்வரை ஏற்படும் இழப்பு நம்முடையது, புகாருக்குப் பிந்தையது வங்கியுடையது. வெட்கப்பட்டு ஒரு மணி நேரம் தள்ளினால் அதன் விலை இதுதான்.

மெயில் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால், வேறொரு கருவியிலிருந்து அதை மாற்றி, எல்லாக் கருவிகளிலும் லாக்அவுட் செய்யுங்கள். பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். செட்டிங்ஸில் 'ஃபார்வர்டிங்', 'ஃபில்டர்ஸ்' இரண்டையும் திறந்து பாருங்கள். உங்கள் மெயில்களின் நகல் தனக்கு வரும்படி திருடன் அமைத்திருந்தால், பாஸ்வேர்டு மாறினாலும் அந்தக் குழாய் மூடாது.

எங்கள் அலுவலகம் உங்கள் ஓடிபியையோ பாஸ்வேர்டையோ மெயிலில் கேட்காது. எங்கள் கட்டணத்துக்கான வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று எங்கள் பெயரில் மெயில் வந்தால், எங்கள் நிஜ முகவரியிலிருந்தே வந்திருந்தாலும், பணம் அனுப்பாதீர்கள். பழைய ரசீதில் அச்சிட்டுள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்த மெயிலின் அடியில் இருக்கும் எண்ணில் வேண்டாம்.

இப்படிக்கு,
வரி ஆலோசனை அலுவலகத்தார்